மார்ச் பதினாலு முடியட்டும்

ஜனவரி 6, திங்கள்

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. பெங்களூரிலிருந்து வந்திருக்கும் ஆலோசகர் மேலாளர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். "தொண்ணூறு நாள் எழுதுங்க மேடம். யாருக்கும் காட்ட வேண்டாம். கம்பெனி மாறும்போது நீங்களும் எப்படி மாறுறீங்கன்னு தெரியும்" என்றார். நல்ல தாள். மகள் தன் பிசிக்ஸ் நோட்ஸுக்கு வேண்டும் என்றாள். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று சர்வே. தாரகை வால்வ்ஸில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஆக்சிஜன் சிலிண்டரின் கழுத்தில் திருகுகிற பித்தளை வால்வு செய்கிறோம். நான் இங்கே பதினோரு வருடமாக எச்.ஆர். தாளில் ஒரே கேள்வி: "தாரகையில் நீங்கள் யார்?" ஷிஃப்ட் முடிந்து பெட்டியைத் திறந்தால் முக்கால்வாசித் தாள்கள் வெறுமை. மீதியில் "ஆபரேட்டர்", "ஹெல்ப்பர்", "பதினாறு வருஷம்". ஒருவர் "தெரியல" என்று எழுதிக் கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஒரே ஒரு தாளில் வேறு மாதிரி. "மூச்சுக்காரி." பழனாத்தாள், டெஸ்டிங் பெஞ்ச்.

ஜனவரி 8, புதன்

பழனாத்தாக்காவை அறைக்கு வரச் சொல்லி, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாக அதே பெஞ்ச். ஒவ்வொரு வால்விலும் காற்றை ஏற்றி, தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வராவிட்டால் கழுத்தில் தன் எண்ணை அடிப்பார். பதினேழு.

"அதுங்களா அம்மிணி" என்று சிரித்தார். என்னை விட ஆறு வயது மூத்தவர். மற்றவர்கள் எல்லோரும் மேடம் என்பார்கள், அவர் மட்டும் அம்மிணி. "கொரோனா வருசம் எங்கூட்டுக்காரர ஆஸ்பத்திரி வராண்டாவுல படுக்க வெச்சிருந்தாங்க. பக்கத்துல சிலிண்டரு. நான் கீழ உக்காந்து சும்மா அதையே பாத்துட்டிருந்தனுங்க. பாத்தா, கழுத்துல பதினேழு. நான் அடிச்சது."

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"எச்சிலத் தொட்டு வெச்சுப் பாத்தேன். ஒரு குமிழி இல்ல. ரெண்டு நாள் அந்த வால்வு அப்படியே நின்னுச்சு. காத்து கடைசி வரைக்கும் வந்துச்சுங்க. அவருதான் போயிட்டாரு."

அக்கா பெஞ்சுக்குத் திரும்பியதும் அவர் எழுதிய தாளைத் தனியாக எடுத்து வைத்தேன். பிறகு கேன்டீன் கான்ட்ராக்டர் வந்துவிட்டார், சாம்பாரில் புழு என்று மூன்றாவது புகார்.

ஜனவரி 9, வியாழன்

எம்.டி.யிடம் சொன்னேன். நவநீதன், முப்பத்தெட்டு வயது. ஸ்தாபித்த அய்யா இறந்ததும் இரண்டு வருடம் முன்பு பொறுப்புக்கு வந்த மகன். போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்படி அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கண் கலங்கியது. ஆலோசகர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இதான் மேடம். இதை வெளிய தேடிட்டு இருந்தோம். உள்ளயே இருக்கு."

ஜனவரி 20, திங்கள்

துவக்க விழா. வாசலில் பழனாத்தாக்காவின் ஆளுயரப் படம். கீழே, "நாங்கள் மூச்சுக்காரர்கள்." எல்லோருக்கும் நீல பேட்ஜ்.

அக்கா மேடையில் மைக்கைத் தொடவே பயந்தார். என்னிடம் சொன்னதையே அப்படியே சொன்னார். "அவருதான் போயிட்டாரு" என்று முடித்து இறங்கிவிட்டார். கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. லேத் பிரிவு ஜோதிமுருகன், எதற்கெடுத்தாலும் யூனியன் பாணியில் கேள்வி கேட்பவர், முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, சம்பளத்துக்கு மட்டும் இங்கே வரவில்லை என்று நினைத்தேன். இதைப் பொய்யாக எழுதவில்லை.

வீட்டில் கார்ப்பரேஷன் தண்ணீர் ஒன்பதாவது நாள் வந்திருக்கிறது. எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைத்தாயிற்று.

ஜனவரி 22, புதன்

அக்கா பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னக்கா என்றேன். "தீட்டு நின்னு மூணு வருசம் ஆச்சு, மறுபடி வருதுங்க அம்மிணி. கார்த்திகை மாசத்துலருந்து." வயசுக்கு அப்படித்தான் இருக்கும், ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். சரிங்க என்றார். அவர் கதையை வீடியோ எடுக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

பிப்ரவரி 5, புதன்

நம்ப முடியவில்லை. டிசம்பரில் நூறு வால்வுக்கு நான்கு பழுதென்று திரும்பும். இப்போது ஒன்றுகூட இல்லை. யாரும் உத்தரவு போடவில்லை. ஜோதிமுருகன் தன் மெஷினுக்கு முன்னால் ஒரு பழைய டியூப் லைட்டைத் தானே கட்டி, பித்தளையில் விழும் கீறலை அங்கேயே பிடிக்கிறார். கூட்டுகிற மீனாட்சியம்மா தரையில் கிடந்த ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக்கொண்டு மூன்று பிரிவுக்கும் அலைந்திருக்கிறார், "இது எந்த வால்வுலருந்து விழுந்துச்சு, பாருங்க, யாரோட உசுரோ" என்று. டீ இடைவேளையில் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். நிறுத்தச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஆலோசகர் வரைபடம் போட்டுக் காட்டினார். உற்பத்திக் கோடு நேராக மேலே. எம்.டி. என் கையைக் குலுக்கினார்.

பிப்ரவரி 12, புதன்

லீவு எடுப்பது பாதியாகக் குறைந்திருக்கிறது. காய்ச்சலோடு வந்த இரண்டு பேரை நானே வீட்டுக்கு அனுப்பினேன். ஒருவர் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பின் கேட் வழியாகத் திரும்பி வந்துவிட்டார்.

மகளுக்கு செய்முறைத் தேர்வு நன்றாகப் போயிற்று.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் பழனாத்தாக்கா வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார், உள்ளிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம், பத்து நாள் லீவு வேண்டும்.

மார்ச் பதினாலாம் தேதி டெல்லியிலிருந்து முக்கியமான விருந்தாளிகள் வருகிறார்கள். டெஸ்டிங் பெஞ்சில் அக்கா நின்று காட்ட வேண்டும் என்பது எம்.டி.யின் ஏற்பாடு. அக்காவுக்கும் தெரியும். நான் லீவு வேண்டாம் என்று சொல்லவில்லை. தேதியை நினைவுபடுத்தினேன், அவ்வளவுதான். அவரே தள்ளிப்போட்டுக்கொண்டார். லீவு ஃபாரம் எடுத்து வைத்திருந்தேன், திரும்ப டிராயரில் போட்டுவிட்டேன். பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இட்லி மாவு புளித்துவிட்டது. இன்றைக்கும் தோசைதான்.

பிப்ரவரி 26, புதன்

எம்.டி. ஒரு பட்டியல் கேட்டார். எல்லோருடைய வயது, சேர்ந்த தேதி, ஓய்வுக்கு எத்தனை வருடம், யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம். எதற்கு என்று கேட்கவில்லை. வருடா வருடம் ஏதாவது ஒரு பட்டியல் கேட்பார்கள். சாயங்காலத்துக்குள் முடித்து அனுப்பினேன். கடைசியில் "இடம் மாறச் சம்மதிக்கக்கூடியவர்" என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். எல்லாவற்றிலும் "தெரியாது" என்று போட்டேன்.

மார்ச் 3, திங்கள்

ப்ளஸ் டூ தேர்வு ஆரம்பம். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். அக்கா முகம் வெளுத்திருக்கிறது. ஸ்டூல் போடச் சொன்னேன். நின்றால்தான் குமிழி தெரியும் என்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

ஆறு விருந்தாளிகள். ரோஜாப்பூ, இளநீர். பெஞ்சில் அக்கா நின்றார். ஒரு மணி நேரம் என்று சொன்னது இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. அவர்களில் நரைத்த தலைக்காரர் ஒருவர் ஒவ்வொன்றையும் கேட்டார், நான் இந்தியிலும் தமிழிலுமாக மாற்றிச் சொன்னேன். வீட்டுக்காரர் கதையையும் சொல்லச் சொன்னார்கள். அக்கா சொன்னார். இதுவரை எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, குரல் தட்டையாகிவிட்டது. ஆனாலும் அவர்கள் அசந்துவிட்டார்கள்.

முடியும்போது அக்காவின் நீலக் கோட்டுக்குப் பின்னால் கறை பரவியிருப்பதைப் பார்த்தேன். என் துப்பட்டாவை அவர் இடுப்பில் சுற்றிவிட்டேன். "நல்லபடியா முடிஞ்சுதுங்களா அம்மிணி?" என்று கேட்டார். நன்றாக முடிந்தது என்றேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன். நான் கூடப் போயிருக்கலாம். விருந்தாளிகளுக்குச் சாப்பாடு ஏற்பாடு இருந்தது.

சாப்பாட்டின்போது நரைத்தவர் இந்த நிகழ்ச்சியின் ஃபைல் முழுவதையும் கேட்டார். வீடியோ, பேட்ஜ் வடிவம், சர்வே கேள்வி எல்லாம். "எங்க ஆட்களுக்கும் இதையே செய்யணும்" என்றார். எந்த ஆட்கள் என்று கேட்டேன். பாயசம் பிரமாதம் என்றார்.

மார்ச் 17, திங்கள்

எழுதலாமா வேண்டாமா என்று நினைத்தேன். யாருக்கும் காட்ட வேண்டாம் என்றுதானே ஆலோசகர் சொன்னார்.

எம்.டி. அறையில் நானும் அவரும் மட்டும். கம்பெனியை விற்றாயிற்று. ஜூனில் எல்லாம் வடக்கே போகிறது. இங்கே கட்டடத்தை இடித்துவிடுவார்கள்.

"மெஷின் பழசுன்னு சொன்னாங்க மேடம். அதைப் பார்க்கவே இல்ல. ஆளுங்களைத்தான் பார்த்தாங்க. இப்படி வேலை செய்யற ஆளுங்க இருந்தா அந்தப் பேருக்கு மதிப்பு இருக்கும்னாங்க."

"அப்ப ஆளுங்களையும் கூட்டிட்டுப் போவாங்களா சார்?"

"பேரைக் கொண்டு போவாங்க."

பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்பாவா இருந்தா வித்திருக்க மாட்டாரு. நான் அப்பா இல்ல. எனக்கு இந்த வால்வு கனவுல வந்ததில்ல. பழனாத்தா சொன்னப்ப நெஜமாவே அழுதேன். ஆனா அழுதுட்டு அதை என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

ஏப்ரல் முப்பது வரை யாருக்கும் சொல்லக்கூடாது. மெஷினைக் கழற்றிப் பூட்ட நான்கு மாதம் ஆகும், அதுவரை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பச் சரக்கு வேண்டும், இதே வேகம் நிற்காமல் இருக்க வேண்டும். "அது உங்க கையில இருக்கு" என்றார். எனக்கு மட்டும் புது நிர்வாகத்தில் ஆறு மாத வேலை.

சரி சார் என்றேன். மகளுக்கு இன்னும் மூன்று தேர்வு பாக்கி. வால்வு இல்லாமல் ஆஸ்பத்திரிகள் என்ன செய்யும்? யாராவது ஒருவர் பொறுப்பாக இருக்கத்தானே வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

அக்காவின் மகள் ஜமுனா போன் செய்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. கர்ப்பப்பையில் புற்றுநோய். வெளியே பரவிவிட்டது. ஈரலிலும் ஏதோ தெரிகிறதாம்.

"முன்னாடியே வந்திருந்தா என்னன்னு டாக்டர் கேக்கறாருங்க மேடம். ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா மாறியிருக்குமான்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னாரு."

சொல்ல முடியாது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முழு நாளையும் கடத்தினேன். டாக்டருக்கே தெரியாது. கார்த்திகையிலேயே ஆரம்பித்ததுதானே.

மார்ச் 29, சனி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஜோதிமுருகனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் என் அறைக்கு வந்தார்கள். தலைவலி ஏதாவது கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

"மேடம், அக்கா இல்லாத குறை பெஞ்சுல தெரியக்கூடாதுங்க. நாங்க எல்லாரும் சேர்ந்து ஒரு நாளைக்கு நூறு வால்வு கூடப் போடறோம். அக்கா பேர்ல. போர்டுல தனியா எழுதி வெச்சீங்கன்னா போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்புவோம்."

நான் கேட்கவில்லை. ஆலோசகரின் திட்டத்திலும் அது இல்லை. அவர்களாகவே வந்தார்கள்.

போர்டை நானே எழுதினேன். "பழனாத்தாக்காவுக்காக: இன்று 100." சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று 164. கோடவுனில் இடமில்லாமல் பெட்டிகளை சைக்கிள் ஸ்டாண்டில் அடுக்கியிருக்கிறார்கள். எத்தனை சீக்கிரம் சரக்கு சேர்கிறதோ அத்தனை சீக்கிரம் கேட் மூடும். அது தெரிந்தவர்கள் இந்த வளாகத்தில் இரண்டே பேர். எம்.டி. இந்த வாரம் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மீனாட்சியம்மா சொல்கிறார், "இத்தன வருசம் குப்ப அள்ளுறவன்னு நெனச்சிட்டிருந்தனுங்க. இப்பத்தான் எங் கையும் ஒரு வேலைக்காகுதுன்னு தெரியுது." அவர் பேட்ஜைச் சேலையில் குத்தாமல் தாலிக்கொடியில் கோத்திருக்கிறார். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு லீவு. கணவர், "கம்பெனியில என்ன பிரச்சனை, ஒரு மாதிரி இருக்கியே" என்றார். வெயில் என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

காலை பத்து மணி. கேன்டீன் ஹாலில் எல்லோரையும் கூட்டினோம். எம்.டி. இங்கிலீஷில் எழுதி வந்ததைத் தமிழில் படித்தார். மே 31 கடைசி நாள். சட்டப்படி தர வேண்டியதெல்லாம் தரப்படும்.

கத்துவார்கள், நாற்காலி பறக்கும் என்று போலீசுக்குச் சொல்லி வைத்திருந்தோம். இரண்டு கான்ஸ்டபிள்கள் கேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை.

ஜோதிமுருகன்தான் எழுந்தார். "எப்பவுங்க முடிவாச்சு?"

எம்.டி. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மார்ச்சுல" என்றார் எம்.டி.

ஜோதிமுருகன் உட்காரவில்லை. விரல் விட்டு எண்ணுவது போலிருந்தது. "அப்ப ஏப்ரல் ரெண்டாந் தேதி நாங்க ரூமுக்கு வந்தப்ப மேடத்துக்குத் தெரியுமுங்களா?"

எம்.டி. தாளை மடித்துப் பையில் வைத்தார். ஜோதிமுருகன் உட்கார்ந்துவிட்டார். பத்தே முக்காலுக்கு எல்லோரும் அவரவர் மெஷினுக்குப் போனார்கள். ஒரு கல்லாவது எறிந்திருக்கலாம்.

மே 2, வெள்ளி

போர்டில் இன்று யாரோ எழுதியிருக்கிறார்கள்: "பழனாத்தாக்காவுக்காக: 171." என் கையெழுத்து இல்லை. ஏன் இன்னும் செய்கிறீர்கள் என்று பெஞ்சில் இருந்த பெண்ணைக் கேட்டேன்.

"பின்ன ஓட்ட வால்வா அனுப்பறதுங்க? அத மாட்டிட்டுப் படுக்கறவங்க என்ன பண்ணுனாங்க?"

மே 6, செவ்வாய்

அக்காவைப் பார்க்கப் போனேன். ஒத்தக்கால்மண்டபத்தில் லைன் வீடு. கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன், அவரால் எதையும் விழுங்க முடியவில்லை.

கம்பெனி விஷயத்தைச் சொல்லத்தான் போனேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மார்ச் பதினாலு வந்தவர்கள் யார் என்பதையும் கணக்குப் போட்டிருந்தார்.

"வெலை பேச வந்தவங்களுக்கா நான் நின்னு காட்டுனேன்?"

எனக்கும் அன்றைக்குத் தெரியாதுக்கா என்றேன். அது உண்மை. அரை உண்மை. பட்டியலில் "இடம் மாறச் சம்மதிக்கக்கூடியவர்" என்று நானே தட்டியிருக்கிறேன்.

அவர் திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "வாசல்ல எம் படம் இருக்குதில்லீங்க. அதக் கழட்டிருங்க அம்மிணி. அவரப் பத்திச் சொன்னனே, அதயும் எங்கயும் போட வேண்டாம். அது எங்கூட்டு விசயம். தெரியாம வெளிய சொல்லிப்போட்டேன்" என்றார்.

கழற்றிவிடுகிறேன் என்றேன்.

மே 7, புதன்

படம் வாசலில் இல்லை. வடக்கே போகும் முதல் லாரியில் பத்திரமாகப் பொதிந்து அனுப்பிவிட்டார்களாம். புது நிர்வாகத்துக்கு மெயில் போட்டேன். வீடியோவையும் படத்தையும் பயன்படுத்த வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர் கேட்கிறார், உடல்நிலை மோசம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ஜனவரியில் அக்கா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாளை இணைத்திருந்தார்கள். தாளை அச்சடித்து அக்காவிடம் நீட்டியது நான். "எங்கீங்க போடோணும்?" என்று மட்டும்தான் கேட்டார். விரலால் காட்டினேன்.

வீடியோவை இந்தியில் குரல் மாற்றி, அங்கே புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறார்களாம். மிக நல்ல பலன் தெரிகிறது என்று நன்றி சொல்லியிருந்தார்கள்.

மே 8, வியாழன்

ப்ளஸ் டூ முடிவு வந்தது. மகள் 561. இனிப்பு வாங்கினோம். சிரித்தேன் என்று நினைக்கிறேன், போட்டோவில் சிரித்திருக்கிறேன்.

மே 31, சனி

கடைசி ஷிஃப்ட். திரும்பிய வால்வு பூஜ்யம். போகும்போது தரையைக் கழுவிவிட்டுப் போனார்கள். மெஷின்கள் போனதும் இடிக்கப்போகிற தரை. பேட்ஜ்களைத் திருப்பித் தர வேண்டும் என்று எம்.டி. அலுவலகத்திலிருந்து சொல்லியிருந்தார்கள், நான் யாரிடமும் கேட்கவில்லை. ஜோதிமுருகன் மட்டும் தானாக வந்து என் மேஜையில் வைத்தார்.

ஜூன் 12, வியாழன்

பழனாத்தாக்கா காலை ஆறு மணிக்கு இறந்துவிட்டார். ஜோதிமுருகன் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். எடுத்தபோது நூற்றைம்பது பேராவது இருந்தார்கள். எனக்கு வழி விட்டார்கள். யாரும் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

ஜூன் 21, சனி

இந்த டைரி தொண்ணூறு நாளுக்குத்தான். எப்போதோ முடிந்திருக்க வேண்டும். இன்று நடந்ததை எழுதிவிட்டு வைத்துவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு ஜமுனா வந்தாள். வாசலிலேயே நின்றாள். கூட அவள் மகள், மூன்று வயதிருக்கும். உள்ளே வரச் சொன்னேன். வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணும் மேடம். பிப்ரவரியில எங்கம்மா உங்ககிட்ட லீவு கேட்டாங்களா?"

கணவர் சமையலறையில் இருந்தார். பாத்திரச் சத்தம் நின்றது.

"ஜோதி அண்ணன் சொன்னாரு, ஒரு நா அம்மா உங்க ரூமுக்குப் போயிட்டு வந்து பெஞ்சுல ரொம்ப நேரம் பேசாம நின்னாங்கன்னு. நான் அம்மாகிட்டயே கேட்டேன். ஆஸ்பத்திரியில. ரெண்டு தடவ. 'இல்ல கண்ணு, நானேதான் தள்ளிப்போட்டேன், அம்மிணி போகச் சொல்லித்தான் சொன்னாங்க'ன்னாங்க. பேச்சு நிக்கற வரைக்கும் உங்களையும் விட்டுக் குடுக்கல, கம்பெனியையும் விட்டுக் குடுக்கல. அதனாலதான் எனக்குச் சந்தேகம். எங்கம்மா எதையும் தள்ளிப்போடற ஆளில்ல."

இந்தப் பக்கங்களில் பிப்ரவரி பதினெட்டில் நான் எழுதியிருப்பதும் அதே வார்த்தைதான். அவரே தள்ளிப்போட்டுக்கொண்டார். அவர் எனக்காகச் சொன்ன பொய்யை, அவருக்கு முன்பே நான் எனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

"கேட்டாங்க" என்றேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மார்ச் பதினாலு முடியட்டும்க்கா, அப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்குங்கன்னேன். அவங்க, வலிக்குதுங்க அம்மிணின்னாங்க. நீங்க இல்லாம அந்த பெஞ்சுக்கு முகமே இல்லைக்கான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவங்க எழுந்து போயிட்டாங்க."

சொல்லி முடித்தபோது நிம்மதி வரும் என்று எங்கேயோ நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. வரவில்லை. ஜமுனா அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தன் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பேனாவோடு என் முன்னால் வைத்தாள்.

"எழுதிக் குடுங்க. கேஸ் போடறதுக்கில்லைங்க, அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பில்ல. இவ பெரிசாகி, அம்மாவப் பெத்த அம்மிச்சி எதுனால செத்தாங்கன்னு கேப்பா. கம்பெனிக்காக உழைச்சு செத்தாங்கன்னு ஊரே சொல்லும். அந்த வீடியோவுல வேற பாப்பா. நெசமா நடந்தது என்னன்னு எங்கிட்ட ஒரு தாளாவது இருக்கோணும்."

எழுதினேன். தேதி போட்டேன். பழனாத்தாள் என்பவர் உடல்நிலை காரணமாகப் பத்து நாள் விடுப்பு கேட்டார், நிறுவனத்தின் முக்கிய நிகழ்வை முன்னிட்டு மார்ச் 14 வரை ஒத்திவைக்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பதினோரு வருடமாக இப்படித்தான் கடிதம் எழுதி வருகிறேன்.

ஜமுனா மெதுவாகப் படித்தாள். குழந்தை அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, போலாம்மா, போலாம்மா என்றது.

"கேட்டுக்கொண்டேன்னு போட்டிருக்கீங்க" என்றாள். "எங்கம்மா உங்களக் கேட்டாங்க. நீங்க அவங்களக் கேக்கல. போக வேண்டாம்னு சொன்னீங்க. அத எழுதுங்க."

நோட்டுப் புத்தகத்தைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினாள். அந்த வரியை அடித்தேன். கீழே, போக வேண்டாம் என்று சொன்னேன் என்று எழுதினேன். அவள் தாளைக் கிழித்து, நான்காக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.